திருப்பிப் போட்ட கேஸ்கட்

ஜஸ்டினின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அடுத்த மாதம் குழந்தை பிறக்கப்போவதால், தீவின் வடக்கே ரங்கத் ஊரில் இருக்கும் ஈஸ்வரனுக்கு அதை விற்கப் பேசியிருந்தான். கொடுப்பதற்கு முன், பத்துபஸ்தியில் உள்ள தன் வீட்டு வாசலிலேயே என்ஜினைப் பிரித்து, மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த புது ஹெட் கேஸ்கட்டை, என்ஜின் மூடிக்கு அடியில் வைக்கும் அந்தத் தகட்டை, மாட்டினான். போல்ட்டுகளை இறுக்கி முடித்தபோது, பழைய கேஸ்கட்டைக் கையில் வைத்திருந்த அவன் மனைவி பிரவீனா கேட்டாள்:

"என்னங்க, இதுல பெரிய ஓட்டை பின்பக்கம்தான இருக்கு? புதுச முன்பக்கமால்ல போட்டீங்க?"

ஜஸ்டினுக்குத் திக்கென்றது. திருப்பிப் போட்டிருந்தான். என்ஜினுக்குள் தண்ணீர் போகும் வழி அடைபட்டிருக்கும். வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், பிறகு சூடேறி நின்றுவிடும். கழற்றினாலோ, நசுங்கிய கேஸ்கட் மறுபடி உதவாது; அடுத்தது கப்பலில் வர நாளாகும்.

"ஞாயித்துக்கிழமை அவர் வண்டி எடுக்க வந்துருவாரே," என்றான்.

பிரவீனா ஸ்பானரை எடுத்து நீட்டினாள். அவன் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, ஈஸ்வரனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"அரே, நல்ல வேளை! ரங்கத் வர்ற காட்டு ரோட்டுல நின்னுருந்தா என் கதி என்னாவுறது? அடுத்த கேஸ்கட் வரட்டும், சலேகா, பரவால்ல. வண்டிய மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

போனை வைத்ததும் ஜஸ்டினுக்கு மனசு லேசானது. அவர்கள் இருவருமாகச் சுற்றி வந்த கார் இன்னும் கொஞ்ச நாள் வாசலில் நிற்கும் என்பதில் பிரவீனாவுக்கும் வருத்தமில்லை.