செனுவாவின் மாட்டுவழி

சுவர் கட்டி முடித்த நான்காம் நாள் நடுப்பகலில், அதில் நாற்பதடி நீளம் மட்டும் தரையைவிட்டு ஓர் ஆள் உயரம் எழுந்து நின்றது. அடியில் செனுவாவின் பதினொரு மாடுகளும் நடந்து வடக்கே மேயப் போயின. கடைசி மாட்டின் வால் தாண்டியதும் சுவர் இறங்கி அமர்ந்தது. ஒரு கல்லும் உதிரவில்லை.

பிரிட்டன் தீவைக் கடலுக்குக் கடல் மறித்துச் சுவர் வைக்க ரோமாபுரியில் முடிவெடுத்தார்கள். செனுவாவைக் கேட்கவில்லை. அவள் புருஷன் ட்ரெனஸைப் படைக்குப் பிடித்துப்போனபோதும் கேட்கவில்லை. வீடு தெற்கே, கோடைப்புல் வடக்கே. புல் இல்லாவிட்டால் பனிக்குமுன் மாடுகள் சாகும். பிறகு அவளும் இரண்டு மகள்களும்.

அந்தத் துண்டைக் கட்டியவன் நூற்றுவர் தலைவன் லிகானஸ். நூற்றுவர் என்று பெயர், எண்ணினால் எண்பது பேர். கட்டிய துண்டில் தங்கள் படையின் பெயரைக் கல்லில் வெட்டுவது அவர்கள் வழக்கம். வெட்டியபின் இடித்தால் மானம் போகும். லிகானஸ் முதல் நாளே வெட்டியிருந்தான்.

"ஏம்மா, ஒரு மைல் தள்ளி வாசல் இருக்கே, அங்க போயேன்" என்றான்.

"என் மாட்டுக்கு மைல் தெரியாதுய்யா. வழிதான் தெரியும்."

எண்பது பேரையும் சுவர்மேல் ஏற்றிப் பாரம் வைத்தான். எண்பது பேரோடும் சுவர் எழுந்தது; இரண்டு பேர் வாந்தியெடுத்தார்கள். சேதி எட்டி, மேலிடம் அவர்களுக்குக் கோதுமையை நிறுத்தி, தண்டனைக்காரர்களுக்கான பார்லியைப் போட்டது. அறுப்புக்குமுன் மேற்பார்வையாளர் வருவார், அதற்குள் சுவரை இடி அல்லது மாடுகளை வெட்டு என்று உத்தரவு. லிகானஸ் கத்தியோடு கொட்டிலுக்கு வந்தான்.

செனுவா கொட்டில் வாசலை மறித்து நின்றாள். "பாக்க வர்ற உங்க ஆளு கண்ணால பாத்தா நம்பமாட்டான், கல்லுல இருந்தா நம்புவான். பேருக்குக் கீழ வாசல்னு ஒரு வரி வெட்டு. மாட்டை வெட்டறதவிட அது சுலபம்."

கல்லில் வெட்டினான். மேற்பார்வையாளர் வந்து கல்லை வாசித்தார். கதவு எங்கே என்று கேட்டார். தேவைப்படவில்லை என்றார்கள். அந்த நேரம் சுவர் எழுந்தது, மாடுகள் போயின. வாசல் ஒன்று, நல்ல நிலையில் என்று எழுதிக்கொண்டார். கோதுமை திரும்ப வந்தது.

இருபத்தைந்து வருடப் பணி முடித்து, நரைத்த தாடியோடு ட்ரெனஸ் ஒரு நடுப்பகலில் வந்து சேர்ந்தான். சுவர் எழுந்துதான் இருந்தது. எதிர்ப்பக்கம் மாடுகளுக்கு நடுவே நின்ற செனுவா அவனை அடையாளம் கண்டுகொண்டாள்.

"குனிஞ்சு வா" என்றாள்.