கடல் பக்கத்துச் சுவர்

வலது தோள் காலையிலிருந்தே கையைத் தூக்க விடவில்லை. இடது கையில் சுத்தியலை மாற்றிக்கொண்டு, மணிக்கூண்டின் கடல் பக்கத்துச் சுவரில் கல் இடுக்குகளில் இருந்த சிமெண்டைக் கொத்திக்கொண்டிருந்தேன். மற்ற மூன்று பக்கமும் நூற்று முப்பது வருஷமாகச் சுண்ணாம்புச் சாந்தோடு நிற்கின்றன. இந்தப் பக்கத்து மணற்கல் மட்டும் தொட்டால் உதிர்கிறது. கட்டியவர்கள் விவரமானவர்கள். கடலைப் பார்த்த சுவருக்கு ஒரு முழம் கூடுதல் கனம் கொடுத்து, கடிகாரத்துக்கு மேலே மழை வழிந்து சுவரில் படாமல் கல்லிலேயே விளிம்பு இழுத்திருந்தார்கள். நனைந்த சுவர் சுண்ணாம்பு வழியாகக் காயும், உப்பும் வெளியேறும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தது. உள்ளே தங்கிய தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து கல்லையே பிளந்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அடைத்தவன் நான். அக்டோபர் முடியப்போகிறது, சுண்ணாம்பு இறுகுவதற்குள் உறைபனி விழுந்துவிடும், வசந்தம் வரை கை வைக்காதே என்று சொல்லிவிட்டுத்தான் மேஸ்திரி வெர்னன் கார்க்கம் ஹாலிஃபாக்ஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் மனைவியோடு இருக்கப் போனார். சீக்கிரம் முடித்துவிட்டுக் கூலி வாங்க நினைத்து நான் சிமெண்ட் குழைத்தேன். திரும்பி வந்து சுவரைப் பார்த்தவர், அப்போது பிறந்திருந்த என் மகளைப் பற்றி மட்டும் விசாரித்தார். பிறகு கல் உதிர்ந்தபோது ஊர்க்காரர்கள் அவரைத்தான் திட்டினார்கள். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அதன்பின் இந்தக் கூண்டில் அவரை யாரும் ஏறவிட்டதுமில்லை.

இன்று மதியம் சாரத்தடியில் வந்து நின்றார். எழுபத்தைந்து வயது. கோட்டுப் பையில் சாந்து பூசும் சொந்தக் கரணை.

"ஒரே ஒரு கல்லு வெச்சுட்டுப் போறேன்மா," என்று வேலையை மேற்பார்வையிடும் மார்லீனிடம் கேட்டார். மார்லீன் இதே ஊரில் பிறந்து கட்டடக்கலை படித்தவள்.

"கோவிச்சுக்காதீங்க வெர்னன். நீங்க வெச்சதத்தான் மூணு வாரமா பேத்துக்கிட்டு இருக்கோம்."

"லாய்டுக்கு கையே போயிருச்சு பாரு," என்று என்னைக் காட்டிச் சிரித்தார். "அவ்வளவு கெட்டியா வெச்சிருக்கேன்."

பிறகு கரணையைப் பைக்குள் செருகிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை. கண்ணாடி வழியாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்லீன் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"லாய்டு, அப்ப நீங்களும் கூட இருந்தீங்கல்ல? அவரைத் தடுத்திருக்கக் கூடாதா?"

வாயெல்லாம் சிமெண்ட் தூசி. கீழே அவள் பதிலுக்குக் காத்து நின்றாள். வெர்னனுக்கு நான் இன்னும் தர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: அந்தச் சிமெண்டை வைத்தது நான்.