மாதிரி மரம்

கைவினை வகுப்புக்கு ஒரு சட்டம் உண்டு. எதைச் செய்யச் சொன்னாலும் டீச்சர் முதலில் ஒன்று செய்து காட்டிவிட வேண்டும். வெறும் வாயால் சொல்லிவிட்டுத் திரும்பினால் தீர்ந்தது கதை. நாலாம் வகுப்பின் முப்பத்தெட்டு உருப்படிகளும் பசையைப் பக்கத்து ஆளின் தலையில் தடவி வைத்திருக்கும். அதனால் தீக்குச்சி வீடானாலும் சரி, காலுறை முயலானாலும் சரி, முதல் மாதிரி பசை டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் பிறக்கும். பசை டீச்சர் என்பது குழந்தைகள் வைத்த பெயர். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவள் விரலிடுக்கில் காய்ந்த பசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே பெயரில் குற்றம் சொல்ல முடியாது.

அந்த மேசைக்கு நாலு நாற்காலி. உட்காருவது ஒருத்தி. மீதி மூன்றில் ஒன்றில் கலர் பேப்பர், ஒன்றில் அட்டைப் பெட்டிகள், ஒன்றில் துவைத்து மடிக்காத துணி. கணவன் என்று ஒருவன் இருந்தான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரு நாள் காலையில் இரண்டு பெட்டியோடு வாசலில் நின்று, இனிமேல் நமக்குச் சரிப்பட்டு வராது என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். அதன் பிறகுதான் அவள் ஊரை மாற்றிக்கொண்டு இந்தப் பள்ளிக்கூடத்தில் வந்து சேர்ந்தாள்.

சேர்ந்த முதல் நாளே ஸ்டாஃப் ரூமில் விசாரணை தொடங்கிவிட்டது. கணக்கு டீச்சர் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே, வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டாள். விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று, முன்பின் தெரியாத ஆறு பேருக்கு நடுவில், வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கப்பலில் வேலை என்று சொல்லிவிட்டாள். எங்கிருந்து அந்தக் கப்பல் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

கப்பல் வந்ததும், அப்படியானால் தனியாகவா இருக்கிறாய் என்று அடுத்த கேள்வி. மாமியார் மாமனார் கூட இருக்கிறார்கள் என்றாள். ஒரே வாரத்தில் கல்யாணமாகாத நாத்தனார் ஒருத்தியும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தாள். பொய்யென்றால் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமே. மற்றவர்கள் தங்கள் மாமியார்களைப் பற்றிப் புலம்பும்போது இவளும் சும்மா இருக்க முடியாமல், எங்கள் மாமியார் குழாயைச் சரியாக மூடினேனா என்று மூன்று தடவை வந்து பார்ப்பார் என்று எடுத்துவிடுவாள். எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கும்போது, திட்டுவதற்காவது அந்த மாமியார் உள்ளே இருக்கக்கூடாதா என்று நிஜமாகவே நினைப்பாள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மூன்றாம் வருஷம் குடும்ப மரம் வந்து குறுக்கே நின்றது.

குடும்ப மரம் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சார்ட் பேப்பரில் பழுப்புக் காகிதத்தால் அடிமரமும் கிளைகளும் ஒட்ட வேண்டும். இலைகளுக்குப் பதில் கைகள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் கையையும் பச்சைக் காகிதத்தில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, வெட்டி, யார் கை என்று எழுதிக் கிளையில் ஒட்ட வேண்டும். ஹெச்.எம். அம்மாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மாதிரியை உன் வீட்டு ஆட்களை வைத்தே செய்துவிடு, அதுதான் நிறைவாக இருக்கும் என்று பசை டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மேசையில் பச்சைக் காகிதத்தை விரித்தாள். இடது கையை வைத்து வரைந்து 'நான்' என்று எழுதினாள். அடுத்த காகிதத்தை எடுத்தாள். யாரைக் கூப்பிடுவது? பக்கத்து வீட்டில் கேட்கலாம்தான். ஆனால் உங்கள் கையைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்கிற அளவுக்கு அங்கே பழக்கம் இல்லை. மறுபடியும் தன் கையையே வைத்தாள். பென்சிலை வெளிப்பக்கம் சாய்த்து வரைந்ததில் கை கொஞ்சம் பெரிதாக வந்தது, அது 'அவர்'. உள்பக்கம் ஒடுக்கி வரைந்தது 'மாமியார்'. மாமனாருக்கு விரல்களைச் சேர்த்து வைத்தாள், நாத்தனாருக்கு அகட்டி வைத்தாள். ஐந்தையும் வெட்டி ஒட்டிவிட்டு எட்டி நின்று பார்த்தபோது, யார் கண்டாலும் நிறைந்த வீடு என்றுதான் சொல்வார்கள் என்று தோன்றியது.

குழந்தைகள் மாதிரியைப் பார்த்தார்கள், அடுத்த வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டுக் கைகளோடு வந்து நின்றார்கள். ஒருவன் பதினோரு கை கொண்டுவந்தான், அதில் ஒன்று நாயின் கால். இரண்டு பீரியட் முழுக்க ஒரே அமளி. மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு, கத்தரிக்கோல்களை எண்ணி டப்பாவில் போட ஒருத்தி மட்டும் நின்றாள்.

அவளைப் பூதக்கண்ணாடி என்று வகுப்பில் கூப்பிடுவார்கள். கண்ணாடியெல்லாம் போட்டவள் இல்லை. எதையும் மூக்கு உரசுகிற தூரத்தில் வைத்துப் பார்ப்பாள், அதனால் வந்த பெயர். பேச்சு குறைவு. கத்தரிக்கோல்களை எண்ணி முடித்துவிட்டு, சுவரில் இருந்த மாதிரி மரத்தின் அருகே போய் நின்று, ஒவ்வொரு இலையாகப் பார்த்தாள்.

"டீச்சர், உங்க வீட்ல எல்லாருக்கும் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு."

டீச்சருக்குத் திக்கென்றது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி, கோணலாகச் சேர்ந்துபோன இடது சுண்டுவிரல். முப்பது வருஷமாகக் கூடவே இருக்கிற விரலை யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? இப்போது பார்த்தாள். ஐந்து இலையிலும் அதே விரல் அதே பக்கம் சாய்ந்து நின்றது. பரம்பரையாக வருவதம்மா என்று சமாளித்தாள்.

பூதக்கண்ணாடி விடவில்லை. "உங்க வீட்டுக்காரருக்குமா? கல்யாணம் பண்ணிக்கிட்டா வளைஞ்சிடுமா டீச்சர்?"

அந்தப் பொடிசு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தது.

"ஒரே மாதிரி வெச்சு வரைஞ்சா மாட்டிக்குவோம் டீச்சர். திருப்பித் திருப்பி வெக்கணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் மரத்தை எடுத்து விரித்து, தொழில் நுணுக்கம் முழுவதையும் விளக்கினாள். அப்பா என்று எழுதியிருந்தது, கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு வரைந்த கை. அத்தை என்பது வலது கை, வெட்டியபின் திருப்பிப்போட்டு ஒட்டியது. அம்மா அவள் பிறந்தபோதே இறந்துவிட்டாள். அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் இரண்டு நாள் வந்து தூங்கிவிட்டுப் போவார். அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை, பகலில் எழுப்பக்கூடாது. இதையெல்லாம் அவள் அழாமல், வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். சித்தப்பா என்று ஒரு கை இருந்தது. அது யார் என்று டீச்சர் கேட்டாள். அப்படி யாரும் கிடையாதாம், ஒரு கிளை காலியாகக் கிடந்ததாம்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது, அலமாரியைத் திறந்து எதையோ தேடுவதுபோல் முகத்தை உள்ளே வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றாலே டீச்சருக்குக் காலையிலிருந்தே மனம் லேசாகிவிடும். மணி அடித்த பிறகு, பள்ளி வேன் வரும் வரை இருபது நிமிஷம். இரண்டு பேரும் தூரிகைகளைக் கழுவுவார்கள், சிந்திய ஜிகினாவைத் துடைத்து எடுப்பார்கள். கப்பல் என்று ஒன்றும் கிடையாது என்று டீச்சர் ஒரு நாள் சொல்லிவிட்டாள். அது எனக்கு அப்பவே தெரியும் என்றாள் பூதக்கண்ணாடி. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இத்தனை பெரிய ஊரில் தன்னைப் பற்றிய நிஜம் தெரிந்த ஆள் ஒன்று இருக்கிறது என்பது டீச்சருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்த நிம்மதிக்குத்தான் ஹெச்.எம். அம்மா உலை வைத்தார். பெற்றோர் தினத்தன்று குடும்ப மரங்கள் எல்லாவற்றையும் ஹாலில் வைக்க வேண்டும், வருகிறவர்கள் தங்கள் இலையைத் தேடிப்பிடித்து அதன்மேல் கையை வைக்க வேண்டும், அவரே காமிராவில் படம் எடுப்பார். மாதிரி மரத்துக்கும் விலக்கில்லை. கப்பல்காரர் வராவிட்டால் போகிறது, மாமியாரையாவது கூட்டிக்கொண்டு வா என்று பசை டீச்சருக்குத் தனியாக உத்தரவு வேறு.

வேலை போய்விடும் என்றெல்லாம் அவள் பயப்படவில்லை. அந்த ஆறு டிபன் டப்பாக்களுக்கு முன்னால் இனி எந்த முகத்தோடு உட்காருவது? இரண்டு வருஷம் உச்சுக் கொட்டியவர்கள் இனி எதற்கு உச்சுக் கொட்டுவார்கள் என்று நினைக்கவே உடம்பு கூசியது. காய்ச்சல் என்று சொல்லி அன்றைக்கு லீவு போட்டுவிடுவது என்று முடிவு கட்டினாள். அதைப் பூதக்கண்ணாடியிடமும் சொன்னாள். அவள் கழுவிக்கொண்டிருந்த தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்களும் வரலைன்னா நான் மட்டும் தனியா நிக்கணும் டீச்சர்."

இதைக் கேட்ட பிறகு காய்ச்சல் எங்கே வரும்? இரண்டு மரங்களையும் ஹாலின் கடைசியில், வாசலை ஒட்டி வைத்துக்கொள்வது, காமிரா பக்கத்தில் வரும்போது இரண்டு பேரும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவது என்று திட்டம் தயாரானது.

பெற்றோர் தினத்தில் ஹால் கொள்ளாத கூட்டம். அப்பாக்கள் காகித இலையில் கையை வைத்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்கள். அம்மாக்கள், நான் இவ்வளவு குண்டுக் கையா என்று கணவனிடம் சண்டைக்குப் போனார்கள். கடைசி மூலையில் டீச்சரும் பூதக்கண்ணாடியும் சுவரோடு சுவராக நின்றார்கள். டீச்சருக்குப் பயம் இருந்தது, ஆனால் பக்கத்தில் ஒரு சின்னத் தோள் இருந்தது, அதனால் தாங்க முடிந்தது.

அப்போது வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். காக்கிச் சட்டை, முழங்கை வரை கிரீஸ் கறை, மூன்று நாள் தாடி. பூதக்கண்ணாடி டீச்சரின் கையை விட்டுவிட்டு ஓடினாள்.

அத்தை போனில் சொன்னாளாம், பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டானாம். மகள் காட்டிய மரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, 'அப்பா' என்ற இலையின்மேல் கையை வைத்தான். இலையே காணாமல் போய்விட்டது. கையுறை போட்டு வரைந்தும் அந்தக் கைக்கு முன்னால் அது எம்மாத்திரம்? கையை எடுத்துப் பார்த்தான், மறுபடியும் வைத்துப் பார்த்தான். இது யார் கை என்று மெதுவாகக் கேட்டான். மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, கையுறை என்றாள்.

அவன் அந்த இலையைப் பார்த்துவிட்டு, டீச்சரிடம் ஒரு பச்சைக் காகிதம் கிடைக்குமா என்று கேட்டான். டீச்சர்தான் எடுத்துக் கொடுத்தாள், பென்சிலும் கொடுத்தாள். அவன் கையைத் தரையில் விரித்து வைக்க, பூதக்கண்ணாடி குப்புறப் படுத்துக்கொண்டு ஒவ்வொரு விரலிடுக்கிலும் பென்சிலை விட்டு விட்டு வரைந்தாள். கூசியதில் அவன் சிரித்தான். அவள் ஒரு தடவைகூட நிமிர்ந்து டீச்சரைப் பார்க்கவில்லை.

டீச்சருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு வயிறும் எரிந்தது. ஒன்பது வயதுக் குழந்தையைப் பார்த்தா பொறாமைப்படுகிறாய், வெட்கமாக இல்லையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியும் அடங்கவில்லை. காலையில் இந்தத் திருட்டுத்தனத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள், இப்போது அவள் ஒருத்திதான் மிச்சம். தண்ணீர் குடிக்கப் போகவும் மறந்து நின்றுகொண்டிருந்தபோது ஹெச்.எம். அம்மா காமிராவோடு வந்துவிட்டார். பின்னாலேயே கணக்கு டீச்சர்.

வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா, சரி, நீயாவது உன் இலையின்மேல் கையை வை என்றார் ஹெச்.எம். அம்மா.

"எது மேல வெச்சாலும் பொருந்தும் மேடம்."

அவருக்குப் புரியவில்லை. டீச்சர் இடது கையை எடுத்து 'அவர்' மேல் வைத்தாள். பிறகு மாமியார் மேல். பிறகு மாமனார், நாத்தனார். கோணல் சுண்டுவிரல் ஒவ்வொரு இலையிலும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ஹெச்.எம். அம்மா காமிராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

"அஞ்சும் என் கைதான். வீட்ல நான் மட்டும்தான் இருக்கேன். அவர் என்னை விட்டுட்டுப் போய் மூணு வருஷம் ஆகுது."

ஹெச்.எம். அம்மா கோபப்படவில்லை. மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்ப்பதுபோல் நின்றார்.

"அப்போ போன வருஷம், அவர் ஊருக்கு வந்திருக்கார்னு நாலு நாள் லீவு போட்டியேம்மா?"

"வீட்லதான் இருந்தேன் மேடம். ஜன்னலை எல்லாம் சாத்திக்கிட்டு, நாலு நாளும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம. அஞ்சாம் நாள் வந்து உங்களுக்கு வணக்கம் சொன்னப்போ குரலே வரலை. சளி பிடிச்சிருக்கான்னு கேட்டீங்க. ஆமான்னு சொன்னேன்."