சூடத்துக்கு நிற்காத வார்த்தைகள்

குடோன் கம்பெனிக்காரன் ஓடைக்குக் குறுக்கே மதில் எழுப்பியது சித்திரையில். மறுநாளே கம்பெனிக்கும் தாலுகா ஆபீசுக்கும் மனு கொடுத்தேன். இப்போது ஐப்பசி. மதிலுக்கு மேல்புறம் இருக்கிற ஒன்றரை ஏக்கர் என்னுடையது. ஆடியில் போட்ட வேர்க்கடலை, பிடுங்கப் பத்து நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் போக வழியில்லாமல் முழங்கால் அளவு நிற்கிறது. இன்னும் இரண்டு நாள் நின்றால் காய் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும்.

கம்பெனி பதில் போடாமல் இல்லை. மாதம் தவறாமல் செல்போனுக்கு வரும், இங்கிலீஷில். நான் மூன்றாவது வரைதான் படித்தவன். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் கடை வைத்திருக்கும் மோகனப்ரியாதான் படித்துச் சொல்லும். அது சொன்னது மெய்தானா என்று அரக்கோணம் போய் இன்னொரு கடையிலும் படிக்கச் சொல்லிக் கேட்பேன். இதுவரை பொய் சொல்லவில்லை. அதற்காக நம்பிவிட்டேன் என்றில்லை.

"இதுல இன்னா போட்டுகிறான்?"

"'டேக்கிள்' பண்றாங்களாம் தாத்தா."

"போன மாசம் வேற இன்னாவோ சொன்னானே?"

"அது 'அட்ரஸ்'. அதுக்கு முன்ன 'ரிசால்வ்'. முதல்ல 'லுக் இன்டு'. எல்லாம் ஏறக்குறைய ஒண்ணுதான். பிரச்சனைய கையில எடுத்துட்டோம், பாக்கறோம்னு அர்த்தம்."

"ஒண்ணுதான்னா ஏன் மாத்தி மாத்தி போடறான்?"

"ஒரே வார்த்தைய போட்டா சும்மா குந்திகினு இருக்கறது தெரிஞ்சிடும்ல?"

அது சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாலுகா ஆபீசிலும் இதே வார்த்தைகளைக் காட்டித்தான், 'கம்பெனி நடவடிக்கை எடுத்துகினுதானே கீது' என்று என் மனுவை மூடிவிட்டார்கள். இதுவரை வந்த ஏழு வார்த்தைகளையும் ஒரு தாளில் தமிழ் எழுத்தில் பெரிசாக எழுதி வாங்கிக்கொண்டேன். பக்கத்துக் கடையில் ஒரு சூடப் பாக்கெட்டும் வாங்கினேன்.

குடோன் கேட்டில் காவலுக்கு நிற்பவன் நாகராஜன். எனக்கு மச்சான் முறை, என்னைப் பாவா என்பான்.

"பாவா, சார் மீட்டிங்ல கிறாரு."

"இருக்கட்டும். அதுவரைக்கும் உன் நாற்காலியில குந்திக்கிறேன்."

ஒரு மணி நேரம் கழித்து மேனேஜர் ஹேமநாதன் வந்தான். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறுகிறவன் என்று நாகராஜன் சொல்லியிருக்கிறான்.

"பெரியவரே, உங்க பிரச்சனைய நாங்க..."

"நிறுத்து." கேட்டோரக் கல்லில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தேன். பக்கத்தில் தாளை விரித்தேன். "ஏழு வார்த்தை கீது. எல்லாம் நீ அனுப்பினது. உனக்குப் புடிச்ச ஒண்ண எடு. அதோ மலை தெரியுது பார், அத பாத்து சத்தியமா சொல்லிட்டு சூடத்த அணை. நான் போயிடறேன்."

மலையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

"இதெல்லாம் எதுக்கு? மெயில்லதான் போட்டுட்டோமே."

"மெயில் போடற கை சூடத்துக்கு ஏன் வரல?"

மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தன், "அணைங்க சார், சின்ன சூடந்தான்" என்றான். சிரித்தார்கள்.

ஹேமநாதனுக்கு முகம் கறுத்தது. "கம்பெனி மதில ஒடைக்காதுய்யா! வைகாசியிலயே மேல சொல்லிட்டாங்க. பதில் மட்டும் போட்டுகினே இருன்னாங்க. நான் இன்னா செய்ய?"

"வைகாசியிலயே சொல்லியிருந்தா நான் ஆடியில கடலை போட்டிருக்க மாட்டேனேடா."

சூடம் தானாக எரிந்து முடிந்தது. எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தேன். பட்டப்பகல், மூன்று மணி. ஓடை போன இடம் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அங்கே இடித்தேன். நாகராஜன் வேலைக்கு விசுவாசமாக இரண்டு தரம் விசில் ஊதினான். பிறகு கிட்டே வந்து, "பாவா, மேல் கல்லு ஆடுது. கால பாத்துக்க" என்றான்.

பொழுது சாய்வதற்குள் போனில் மணி அடித்தது. மோகனப்ரியாவிடம் கொண்டுபோனேன்.

"தாத்தா, இது அந்த ஏழுல இல்ல. 'ப்ராசிக்யூட்'. உங்க மேல கேஸ் போடறாங்களாம். நாளைக்கு காலையில பத்து மணிக்கு போலீசோட வராங்களாம்."

"தேதி போட்டுகிறானா?"

"மணியே போட்டுகிறாங்க."

"ஏழு மாசத்துல ஒரு தரமாவது மணி போட்டானா?"

இந்த முறை அரக்கோணம் போய்ச் சரிபார்க்கவில்லை.

நிலத்துக்குப் போனேன். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. மதில் ஓட்டை வழியாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். காய் கெட்டியாக இருந்தது. பத்து மணிக்குள் முழுக்க வடிந்துவிடும்.

கடப்பாரையைக் கழுவவில்லை. போலீஸ் கேட்டால் காட்ட வேண்டுமே.