சார்ட்டில் வராத மூன்று ஊர்கள்

மூன்றாவது முறையும் அதே பெட்டிதான் திரையில் வந்து நின்றது. சார்ட்டைச் சேர்க்க முடியவில்லையாம். ஏன் என்று மட்டும் அது சொல்லவில்லை.

மணி ஒன்பது பத்து. பத்து மணிக்கெல்லாம் அறக்கட்டளையை நடத்தும் சுமித்ரா மேடம் பென்னாகரத்தை விட்டுக் கிளம்பியாக வேண்டும். தருமபுரியில் பதினோரு மணிக்கு மருத்துவர்கள் கூட்டம். மலைமேல் இருக்கும் பதினான்கு ஊர்களில் கர்ப்பிணிகளின் ஹீமோகுளோபின் அளவை ஊருக்கு ஒரு கம்பமாகக் காட்ட வேண்டும். அறக்கட்டளையின் கணினி வேலை முழுவதும் சாயிராவின் பொறுப்பு. சாதாரண சார்ட் ஒன்று அவளை இப்படிப் படுத்தியதே இல்லை.

"ஆச்சா சாயிரா?" உள்ளறையிலிருந்து மேடத்தின் குரல்.

"அஞ்சு நிமிசம் மேடம்."

பவர்பாயிண்டை மூடித் திறந்தாள். மறுபடியும் அதே பெட்டி. எழுந்து ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள். கடைசியில், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அண்ணன் தௌசீப்பை ஃபோனில் கூப்பிட்டாள்.

"எக்செல் திறந்திருக்குதா? அதுல ஏதாச்சும் கேள்வி கேட்டுட்டு பெட்டி நிக்குதான்னு பாரு. அதுக்குப் பதில் சொல்லாம இங்க சார்ட் வராது. கண்டபடி அமுக்காத."

பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பின்னால், சேமிக்கவா வேண்டாமா என்று ஒரு பெட்டி கேட்டபடி கிடந்தது. அதை மூடியதும் சார்ட் வந்து உட்கார்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவள் கம்பங்களை எண்ணினாள். பதினொன்றுதான் இருந்தன.

மேல்பாறை, புளியங்கொட்டாய், நரிக்குட்டை. மூன்று பெயர்களும் கீழே வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே ஒன்றுமில்லை.

அட்டவணைக்குப் போனாள். எண்கள் இருந்தன. ஆனால் மற்ற எண்களெல்லாம் வலப்பக்கம் ஒட்டி நிற்க, இந்த மூன்றும் இடப்பக்கம் ஒட்டியிருந்தன. ஓரத்தில் சின்னதாய்ப் பச்சை முக்கோணம். ஃபோனில் வந்ததை அப்படியே ஒட்டியதில் எக்செல் அவற்றை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்திருக்கிறது. எண்ணாக மாற்றினாள். மூன்று குட்டைக் கம்பங்கள் எழுந்தன. ஏழு புள்ளி ஒன்று, ஆறு புள்ளி எட்டு, ஏழு புள்ளி நான்கு. மேலே சராசரி பத்து புள்ளி நான்கிலிருந்து ஒன்பது புள்ளி ஏழுக்கு இறங்கியது.

போன அறிக்கையையும் திறந்தாள். அதிலும் இதே மூன்று ஊர்கள் கணக்கில் சேரவில்லை. சராசரி பத்துக்கு மேல் இருப்பதால் பயமில்லை என்று அந்த அறிக்கையை நம்பித்தான் மலையில் நடந்த மருத்துவ முகாமை நிறுத்தினார்கள். இரண்டு மாதம் முன்பு மலையின் களப்பணியாளர் குள்ளம்மாள் ஃபோனில் கேட்டது காதில் ஒலித்தது. "பொம்பளைங்க முகமெல்லாம் வெளுத்துக் கெடக்குது பாப்பா. வண்டி எப்ப வரும்?" கம்ப்யூட்டரில் நன்றாகத்தான் காட்டுகிறது என்று பதில் சொன்னவள் இவளே.

புதிய சார்ட்டை மட்டும் கொடுத்துவிட்டால் பழையதை யார் தோண்டப் போகிறார்கள்? கை மவுஸிலேயே இருந்தது. மணி ஒன்பது ஐம்பது. எழுந்து உள்ளே போனாள்.

"மேடம், போன அறிக்கையே தப்புங்க. நான்தான் போட்டேன்."

சுமித்ரா வந்து இரண்டு அறிக்கைகளையும் திரையில் பார்த்தார். "போன தடவை பத்துக்கு மேலன்னு நான்தான மேடையில வாசிச்சேன்," என்றார். "பழசு, புதுசு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வை. தப்பு நம்மளுதுன்னு கீழ எழுது. சீக்கிரம்."

ஜீப் போன பிறகு சாயிராவுக்கு எதுவும் ஓடவில்லை. வாங்கி வைத்த டீ ஆறி ஏடு படிந்தது. ஒரு மணிக்குத்தான் மேடத்தின் அழைப்பு வந்தது. "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வெள்ளிக்கிழமை மேல்பாறையில முகாம். நீயும் வரணும்."

வெள்ளிக்கிழமை, மேல்பாறைப் பள்ளிக்கூட வாசலில் குள்ளம்மாள் பெண்களை வரிசையில் நிறுத்தியிருந்தாள். சாயிராவைக் கண்டதும், "அன்னிக்கே சொன்னேனே பாப்பா," என்றாள்.

"சொன்னீங்க அக்கா. நான்தான் கேக்கல."

குள்ளம்மாள் அடுத்த பெண்ணை முன்னால் அனுப்பினாள். அவள் பெயர் ராமக்கா, ஏழு மாதம். சோதனையில் ஆறு புள்ளி ஒன்று. டாக்டர் உடனே ஜீப்பில் ஏறச் சொன்னார். அவளோ நகரவில்லை.

"வூட்ல ஆடு கட்டிக் கெடக்குதுங்க. யாரு பாப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன், நீ ஏறு," என்று குள்ளம்மாள் அவளை அதட்டினாள். சாயிரா கைத்தாங்கலாகப் பிடித்து ஏற்றினாள். அந்த உள்ளங்கை காகிதம் போல வெளுத்திருந்தது.

தருமபுரி ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். தினமும் காலையில் சாயிரா குள்ளம்மாளுக்கு ஃபோன் போட்டாள். பன்னிரண்டாம் நாள் ராமக்கா நடந்தே ஊருக்குள் வந்துவிட்டாள் என்று சேதி வந்தது. புளியங்கொட்டாயில் இன்னும் நான்கு பேரைச் சோதிக்க வேண்டும் என்றும் குள்ளம்மாள் சொன்னாள். நாளைக்கே வண்டிக்குச் சொல்கிறேன் என்று சாயிரா அவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளப் பேனாவைத் தேடினாள்.