சுழன்று சுழன்று நின்ற சிடி

வேன் வந்துவிட்டால் தாஜுதீன் ஜெகதாப்பட்டினத்திலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பிவிடுவான். அதற்குள், போன விடுமுறையில் கால்பந்து கேமில் அக்கா நிலோஃபரிடம் தோற்றதற்குப் பதிலடி கொடுத்தாக வேண்டும். இதை விட்டால், வெளிநாட்டு வேலையிலிருந்து அடுத்த விடுமுறைக்கு வர இரண்டு வருடம் ஆகும். ஆனால் அவர்களுடைய பழைய வீடியோ கேம் பெட்டியோ சிடியை லேசாகச் சுழற்றிவிட்டு நின்றுவிடுகிறது.

"தோத்துருவோம்னு நீயே கெடுத்துட்டியாடா?"

"போங்க லாத்தா! நேத்துதான் தொடச்சு வச்சேன்."

நிலோஃபர் வேறு சிடியைப் போட்டாள். அதுவும் நின்றது. அப்படியானால் கோளாறு சிடியில் இல்லை. சுழலத் தொடங்குவதால் மோட்டாரும் நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சம் லென்ஸ். அதன் வழியே போகும் ஒளி சிடியில் பட்டுத் திரும்பினால்தான் பெட்டியால் படிக்க முடியும். ஒளி சரியாகத் திரும்பாவிட்டால், சில முறை முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும்.

சுவிட்சை அணைத்து, சிடியை எடுத்துவிட்டு லென்ஸின் மேல் குனிந்தாள். கமகமவென்று மணந்தது.

"எத வச்சுடா தொடச்ச?"

"நீங்கதானே ஸ்பிரிட்டு போட்டுத் தொடைக்கச் சொன்னீங்க? அது இல்ல, அத்தர் இருந்துச்சு."

"அட கூறுகெட்டவனே, அத்தர் எண்ணெய்டா! லென்ஸு மேல அப்பிக்கிட்டு இருக்கு!"

உம்மாவின் சர்க்கரை ஊசிக்காக வைத்திருந்த ஸ்பிரிட் பஞ்சால் லென்ஸை மெல்லத் துடைத்து, காயவிட்டு, கால்பந்து சிடியை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். சிடி சுழன்றது. நிற்கவில்லை! வேகம் கூடிக்கொண்டே போனது. திரையில் பச்சை மைதானம் விரிந்தது!

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

"டிரைவரண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க!" என்று சன்னல் வழியே கத்திவிட்டு, தாஜுதீன் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"அவரு டீ ஆறுறதுக்குள்ள ஒன்னத் தோக்கடிச்சு அனுப்புறேன்," என்றாள் நிலோஃபர்.