புகார் இல்லாத தெரு

அடையாற்றில் வேலை செய்யும் வீட்டில் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தேவானை. வீங்கிய மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. காது மட்டும் சமையல் மேடையில் இருந்த போனிலேயே இருந்தது. புகாரை விசாரிக்க அதிகாரி கூப்பிடுவார் என்று வைதேகி அக்கா சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது.

தேவானையின் தெரு மகளிர் குழுவுக்கு வைதேகிதான் தலைவி. பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க அரசு நடத்திய பயிற்சிக்குப் போய் வந்தவள். வீட்டுக்கு வீடு உதவி எண்ணை ஒட்டியதும் அவள்தான். "வாயத் தொறந்து சொல்லுங்கடி, நாங்க கீறோம்ல" என்பாள். அதை நம்பித்தான் பதினாறு வருடம் மூடிவைத்ததைத் தேவானை புகாராக எழுதி அவளிடம் கொடுத்தாள். புருஷன் சேட்டு அடித்ததையெல்லாம் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டிருந்தாள்.

அன்று மாலை சமுதாயக் கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம். மேடையில் பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். வைதேகி மைக்கைப் பிடித்தாள்.

"இந்த வருசம் எங்க தெருவுலேர்ந்து ஒரு புகார்கூட வரல மேடம்!"

புகார் இல்லாத தெருவுக்கான கேடயத்தைக் கொடுத்தார்கள். எல்லோரோடும் சேர்ந்து தேவானையும் கைதட்டினாள். தன் புகார் போய்ச் சேரவே இல்லை என்பது மூன்றாவது தட்டலில்தான் புரிந்தது. கைகள் அப்படியே நின்றன.

சேட்டுவின் அடி அவளுக்குப் பழக்கம். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், உடம்பு தயாராகிவிடும். இதற்கு அவள் தயாராக இருக்கவில்லை.

போண்டா கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் வைதேகியைப் பிடித்தாள்.

"அக்கா, என் பேப்பர் இன்னா ஆச்சு?"

"எங்கையிலதான் பத்திரமா கீது. போலீசு, கோர்ட்டுன்னு எதுக்கு? நானே சேட்டுவக் கூப்ட்டுப் பேசிட்டேன். இனிமே கை நீட்டமாட்டேன்னு சொல்லிக்கீறான்."

"அவங்கிட்டயே சொல்லிட்டியா?" தேவானை வீங்கிய மணிக்கட்டை நீட்டினாள். "அதான் ஞாயித்துக்கெயம, எழுதுன கை இதானாடின்னு முறுக்குனானா? அவனுக்கு எப்புடித் தெரிஞ்சதுன்னு நாலு நாளா மண்டைய ஒடச்சிக்கினு கீறேன்க்கா."

வைதேகியின் முகம் வெளுத்தது.

"ஒரு புகார் போனாலும் கேடயம் கெடைக்காது தேவான. தெரு பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான்... என்னை நம்புடி."

"நம்பித்தான குடுத்தேன்."

வாசலில் அதிகாரி காரில் ஏறிக்கொண்டிருந்தார். தேவானை ஓடிப்போய்க் கதவைப் பிடித்தாள்.

"மேடம், இந்தத் தெருவுல புகார் கீது. என்னுது."

அதிகாரி அவள் மணிக்கட்டைப் பார்த்தார். கீழே இறங்கினார். பையிலிருந்து பேனாவை எடுத்தபடி கேட்டார்.

"இவ்வளவு நாள் ஏம்மா வரல?"

தேவானை கூடத்துப் பக்கம் திரும்பவில்லை.

"வந்தேன் மேடம். வழியிலயே அமுக்கிட்டாங்க. புகார் வரலன்னா அடி நின்னுடுச்சின்னு கை தட்டாதீங்க. சொல்ல வந்தவ வாயை யார் பொத்துனாங்கன்னு மொதல்ல கேளுங்க."